சிகிச்சையறையை மூடிவிட்டுப் பாடம் நடத்தப் போகலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக இயற்கை மருத்துவராக இருக்கிறேன். சின்னச் சிகிச்சையறை, தனியாகத்தான் நடத்துகிறேன். நான் படித்த கல்லூரியிலேயே முழுநேர ஆசிரியராக வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. மாதச் சம்பளம், விடுமுறை, ஒரு பதவி, எல்லாம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகிச்சையறையை மூட வேண்டியிருக்கும். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமும் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம் இன்னொன்று. படிக்கும்போது அப்படியே நம்பிய சில பாடங்களில் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? போகலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

போகலாம். ஆனால் நோயாளிகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிகிச்சையறையை மூடித்தான் ஆக வேண்டும் என்று கல்லூரி சொன்னால், அவர்களுடைய மருத்துவமனையில் வாரத்துக்கு இரண்டு நாளாவது உங்கள் பொறுப்பில் ஓபி கேளுங்கள். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எப்போதாவது ஒரு நோயாளியைக் கூட்டிவருவதை ஓபி என்று சொல்ல மாட்டேன். உங்கள் கையெழுத்தோடு கேஸ் ஷீட் எழுதி, அடுத்த வாரம் அதே ஆள் திரும்பி வந்து "டாக்டர், நீங்கள் சொன்னது ஒத்துவரவில்லை" என்று உங்களிடமே சொல்ல வேண்டும். அதற்கு வழி இல்லாத வேலை என்றால், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் யோசியுங்கள்.

நானும் நீண்ட காலமாக இந்த இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்து வருவதால் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். எங்கள் வட்டத்தில் அருமையாகப் பாடம் நடத்துகிறவர் ஒருவர் உண்டு. நோயாளி பார்ப்பதை அவர் நிறுத்திப் பல வருடமாகிறது. அவருடைய வகுப்பில் எல்லா நோயாளிகளும் குணமாகிவிடுவார்கள். யாரும் பாதியில் விட்டுப் போவதில்லை, யாருக்கும் மயக்கம் வருவதில்லை, உபவாசத்தின் நடுவே யாரும் திருட்டுத்தனமாகச் சாப்பிடுவதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. திருத்துவதற்கு எதிரே ஆள் இல்லாவிட்டால் ஞாபகம் அப்படித்தான் மெருகேறிக்கொண்டே போகும்.

நம் துறைக்கு இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். அது வகுப்பறையில் தொடங்கிய துறை இல்லை. கிரேஃபன்பெர்க் என்ற மலையூரில் குளிர்ந்த நீரை வைத்து வைத்தியம் பார்த்த வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) ஒரு விவசாயி, மருத்துவம் படித்தவர் கிடையாது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள், யாருக்கு எந்த ஈரத்துணியை எவ்வளவு நேரம் சுற்றுகிறார் என்று கூடவே நின்று பார்த்துத்தான் கற்றார்கள். அவருக்குப் பின்னால் பவேரியாவில் பெயர் பெற்ற செபஸ்தியான் க்னைப் (1821–1897) ஒரு பாதிரியார். அவரிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் அமெரிக்கா போய், 1901இல் நியூயார்க்கில் இயற்கை மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்கு அப்புறம்தான் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம். "இவருக்கு இன்று தண்ணீர் இவ்வளவு குளிர்ச்சியாக வேண்டாம்" என்று ஒரு ஆளைப் பார்த்துச் சொன்ன பேச்சு, வகுப்பறைக்கு வந்ததும் ஒரு தத்துவமாக இறுகிவிட்டது என்பது என் எண்ணம். தத்துவத்தை மாணவர் மனப்பாடம் செய்துகொள்வார். "இவருக்கு இன்று வேண்டாம்" என்பதை எப்படி மனப்பாடம் செய்வது?

1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வட அமெரிக்காவின் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்திருப்பீர்கள். நம் ஆட்கள் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். மாற்று மருத்துவப் பள்ளிகள் பல மூடப்பட்டதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம் என்பதால் அந்தக் கோபம் புரிகிறது. இருந்தாலும் அதில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன குறை நியாயமானது: ஆய்வுக்கூடமும் இல்லாமல், நோயாளியையும் தொடாமல், விரிவுரை கேட்டே ஆட்கள் டாக்டராகிறார்கள். உங்களை அழைக்கும் கல்லூரியை இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நாட்டுக்கு நாடு நம் படிப்பு நிறையவே மாறுகிறது. இந்தியாவில் இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த இளநிலைப் பட்டம் ஒரு வருடப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. வட அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் மேலும் நான்கு ஆண்டு படிக்கிறார். அங்குள்ள அங்கீகார அமைப்பு கேட்பது குறைந்தது 4,100 மணி நேரம், அதில் 1,200 மணி நேரம் நோயாளிகளோடு. ஜெர்மனியில் இதே மாதிரி வேலை செய்கிற ஹைல்பிராக்டிகர்களுக்குக் கட்டாயக் கல்லூரிப் படிப்பே கிடையாது, சுகாதாரத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட அளவுகோல் குறைந்தபட்சமாக 1,500 மணி நேரம் வைத்து, அதில் 400 மணி நேரமாவது மேற்பார்வையோடு நோயாளி பார்ப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் இந்த எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள். ஏட்டில் இருக்கும் எண் எவ்வளவு, உண்மையில் நடப்பது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர நேரமானால், அந்தத் தாமதத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எட்டு வருட அனுபவத்தில் மாணவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்படலாம். நிறையவே இருக்கிறது. நம் முன்னோர்கள் எழுதிவைத்த முறைகள், இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய நோயாளிகளை வைத்து உருவானவை. இன்று உங்களிடம் வருபவர் கையில் ஒரு பை நிறைய மாத்திரையோடு வருகிறார். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் முழுதாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஒரு வருடப் பாடம் ஓடிவிடும்.

உபவாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவருக்கு உபவாசம் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார் என்பது ஓரளவு எல்லா மாணவருக்கும் தெரியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறவர் கதை வேறு. சாப்பாடு நின்றதும் அவர் ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) ஏறி அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்குப் போகலாம். அப்போதும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்டச் சாதாரணமாகவே காட்டும். குமட்டல், வாந்தி, சோர்வு, மூச்சு வாங்குவது, இவைதான் அறிகுறிகள். இந்த அறிகுறிகளைப் பார்த்தால் நம் பழைய பாடப்படி மாணவர் என்ன முடிவுக்கு வருவார்? "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி." இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

உபவாசத்தை முடிக்கும் இடத்திலும் ஆபத்து இருக்கிறது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த மெலிந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். நம் மரபிலும் சாற்றிலிருந்து படிப்படியாக உணவுக்குத் திரும்பும் முறை உண்டு, அது நல்ல முறைதான். ஆனால் ஏன் அப்படி என்று மாணவரிடம் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் "ஜீரண உறுப்புகளுக்கு ஓய்வு" என்ற வரிதான் வரும். காரணம் தெரியாதவருக்கு அந்த முறையை எந்த நோயாளியிடம் இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்பதும் தெரியாது.

சாறுகள் விஷயமும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று தினமும் கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால், அதிலிருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும், ரத்தம் உறையும் ஆபத்து கூடும். கீரையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு நாளுக்கு நாள் மாறக்கூடாது, மாற்றுவதாக இருந்தால் மருந்து எழுதியவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிறுநீரகம் பழுதானவருக்குப் பழச்சாற்றிலும் காய்ச்சாற்றிலும் இருக்கும் பொட்டாசியமே எமனாகலாம். இருமலுக்கு என்று நாள்கணக்கில் கொடுக்கும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கல்லீரலை முடுக்கிவிட்டு வேறு பல மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். இதயமாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இந்த மூலிகையை எடுத்ததால், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, புதிய இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியதை 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

வெந்நீர்ப் பாதக் குளியலைவிட எளிமையான சிகிச்சை உண்டா? அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. "சூடு போதுமா?" என்று கேட்டால் "போதும், இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்பார். கொப்புளம் வந்த பிறகுதான் விஷயம் தெரியும், அந்தப் புண் ஆறவும் ஆறாது. அதனால் தண்ணீரில் வெப்பமானி வைப்பதற்கு முன்னால் பாதத்தில் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சியைச் சோதிக்கும் மெல்லிய நைலான் இழை) வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் ஆகாது. எட்டு வருடம் நோயாளி பார்த்த உங்கள் கையில் இந்த மாதிரி எத்தனையோ இருக்கும். எழுதத் தொடங்குங்கள். பெயர் நீக்கிய பழைய கேஸ் ஷீட்டுகள்தான் உங்கள் முதல் பாடப்புத்தகம். அதிலும் சரிவராமல் போனவற்றை முதலில் எடுத்துவையுங்கள்.

இப்போது உங்கள் பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். இந்தச் சந்தேகம் வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். எட்டு வருடம் நோயாளி பார்த்தும் எந்தப் பாடத்திலும் சந்தேகம் வராதவரைக் கல்லூரி அழைத்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

எந்தப் பாடங்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகத்தில் ஒன்று, கருவிழியைப் பார்த்து உள்ளுறுப்புகளின் நோயைக் கண்டுபிடிக்கும் முறை. பல இடங்களில் இன்னும் அதற்குத் தனி வரைபடம் தொங்குகிறது. 1979இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வில் 143 பேரின் கண் படங்களை அந்த முறையில் தேர்ந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது, தேர்வில் கேள்வி வருகிறது என்றால் அந்தப் பாடத்தை நடத்துங்கள். அது எங்கே தொடங்கியது, என்ன சொல்கிறது, சோதித்தபோது என்ன ஆனது, மூன்றையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். தேர்வுக்கு எழுத வேண்டியது தேர்வுக்கு. "அப்படியானால் நீங்கள் நோயாளியிடம் இதைச் செய்வீர்களா?" என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். "செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். நீங்கள் நம்பாததை நம்புவது போல நடிக்கும்படி எந்தப் பாடத்திட்டமும் உங்களைக் கேட்க முடியாது.

இந்த மாதிரிப் பாடங்களில் பொறுமையாகப் போகலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே மூத்த ஆசிரியர்களோடு ஆசிரியர் அறையில் மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களிலும் பாதிப் பேருக்கு உங்கள் சந்தேகமே இருக்கும், வெளியே சொல்லாமல் இருப்பார்கள். மெதுவாகத் தெரியவரும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. அதுதான் 'ஹீலிங் கிரைசிஸ்' பாடம். சிகிச்சையின் நடுவே நோயாளிக்கு மோசமானால் அது குணமாவதற்கு முந்திய கட்டம், உடம்பு கழிவைத் தள்ளுகிறது, பயப்படாமல் தொடரலாம் என்கிற பாடம். தலைவலி, லேசான சோர்வு, நாக்கில் படிவு என்றால் சரி. காபி குடித்துப் பழகியவர் காபியை நிறுத்தினாலே தலை வலிக்கும். ஆனால் இந்தக் கருத்து எந்த அறிகுறியையும் நல்ல செய்தியாக மாற்றிவிடக்கூடியது. நன்றாக இருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, மோசமானாலும் சிகிச்சை வேலை செய்கிறது என்றால், சிகிச்சை தவறிப்போனது எப்போது தெரியும்? மேலே சொன்ன கீட்டோன் நோயாளி இந்த இடைவெளியில்தான் விழுந்து சாகிறார்.

இந்தப் பாடம் உங்களுக்கு வந்தால், கூடவே ஓர் எல்லைக்கோடும் போட்டுக்கொடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், கருப்பாக மலம் போவது, கழுத்து விறைப்போடு காய்ச்சல். இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பெயரையே உச்சரிக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மூத்தவர்கள் முகம் சுளித்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பாடம் வேறு ஆசிரியரிடம் இருந்தால், உங்கள் ஓபியில் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஓபியில் நீங்கள் எதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று யாரும் வந்து தடுக்கப்போவதில்லை.

சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்பிச் சொல்லக்கூடியவையும் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உணவும் நடையும் எடைக் குறைப்பும் சேர்ந்த முறை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை 31 சதவீதம் குறைத்தது. நம் அன்றாட வேலையே இதுதானே. ஆனால் வகுப்பில் சொல்லும்போது இது நோய் வராமல் தடுத்த கதை, வந்த நோயைக் குணமாக்கிய கதை இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு இதை ஆதாரமாகக் காட்டும் சொற்பொழிவுகள் ஏராளம்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வையுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வு, 1994இல் வெளிவந்தது. காய்கறியிலும் பழத்திலும் இருக்கும் பீட்டா கரோட்டீனை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். கரோட்டீன் எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. இயற்கையில் இருக்கிறது, அதனால் கெடுதல் செய்யாது என்று நினைத்துக்கொண்டு முதல் வருடம் சேரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு ஆய்வு போதும். நம் துறையை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லச் சொல்லவில்லை. முழு உணவுக்கும் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. நம் மரபு எப்போதும் முழு உணவின் பக்கம்தான் நின்றிருக்கிறது. இன்றைக்கு மாத்திரை டப்பா விற்றுப் பிழைக்கிற சிலரை விட்டுவிடுங்கள்.

மேடைப் பயத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, அது ஒரு பருவத்தில் போய்விடும். எட்டு வருடமாக ஒவ்வொரு நோயாளியிடமும் ஏன், எதற்கு, எப்படி என்று விளக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். அதுவும் பாடம் நடத்துவதுதான், கேட்கும் ஆட்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவே. பெரிய அரங்கத்து விரிவுரைகளை முதல் வருடம் மற்றவர்களுக்கே விட்டுவிட்டு, ஐந்தாறு மாணவர்கள் கொண்ட ஓபி வகுப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஓபியில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு 1992இல் சில குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வகுத்த எளிய முறை ஒன்று உண்டு, எந்த மருத்துவத்துக்கும் அது பொருந்தும். மாணவர் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து விவரம் சொல்கிறார். உடனே விடையைச் சொல்லாமல் "உன் முடிவு என்ன?" என்று கேளுங்கள். "எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்பது அடுத்தது. அப்புறம் ஒரே ஒரு பொதுவான பாடம் சொல்லி, சரியாகச் செய்ததைச் சுட்டிக்காட்டி, தவறைத் திருத்துங்கள். எல்லாம் சேர்த்துச் சில நிமிடம்தான். சொல்வதற்கு எளிது, செய்யும்போது நாக்கை அடக்குவதுதான் பெரும்பாடு. விடை தெரிந்த டாக்டருக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. இந்த இரண்டாவது கேள்விக்கு மாணவர் "புத்தகத்தில் இருக்கிறது", "சார் சொன்னார்" என்று பதில் சொன்னால் விடாதீர்கள். நோயாளியிடம் கேட்டது என்ன, தொட்டுப் பார்த்தது என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

தேர்வு வைக்கும் பொறுப்பு வந்தால் எழுத்துத் தேர்வோடு நிறுத்தாதீர்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவும் அறிமுகப்படுத்திய ஆஸ்கி முறை, அதாவது மாணவர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் தேர்வு, நம் பாடங்களுக்கு மிகப் பொருத்தம். ஒரு மேசையில் இடுப்புக் குளியலுக்குத் தண்ணீரின் வெப்பத்தைச் சரிபார்க்கட்டும். ஒரு மேசையில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து உபவாசம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். இன்னொரு மேசையில் நோயாளியாக நடிக்கிறவர் "புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், உங்களிடமே குணமாகிக்கொள்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதீர்கள்" என்று கெஞ்சட்டும். அந்த மேசையில் மாணவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதற்கு நான் அதிக மதிப்பெண் வைப்பேன். கண்டிப்பாக மறுக்க வேண்டும், ஆனால் அந்த ஆளை விரட்டிவிடக் கூடாது. விரட்டினால் அடுத்த தெருவில் சரி என்று சொல்லும் ஆளிடம் போய்ச் சேர்வார். அறுவைக்குப் போங்கள், தூக்கம், சாப்பாடு, நடை, மன உளைச்சல் இவற்றை நாங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். பெரியவர்கள் பலருக்கே இது வராது.

பணம். சம்பளம் நிலையானது என்பதைத் தவிர இதில் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. நன்றாக நடக்கும் சிகிச்சையறையின் வருமானத்தை ஆசிரியர் சம்பளம் எட்டுவது அரிது, சுமாராக நடப்பதை எட்டிவிடும். உங்கள் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கல்லூரி ஓபிக்கு வரும் நோயாளியை உங்கள் சொந்த இடத்துக்கு வரச் சொல்லாதீர்கள், மாணவர்களை உங்கள் சிகிச்சையறையில் சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் சாதாரணமாக நடக்கிறவை, இரண்டும் பேரைக் கெடுப்பவை.

இப்போதைய நோயாளிகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முடிவெடுத்த அன்று அதுதான் முதலில் வந்து நிற்கும். நேரத்தைக் குறைக்கும்போது புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, நாள்பட்ட நோயோடு உங்களிடம் தொடர்ந்து வருகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிலும் மருந்து மாற்றத்தின் நடுவே இருப்பவர்களை வேறு டாக்டரிடம் ஒப்படைப்பதாக இருந்தால் கடிதம் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாக அனுப்பினால் பாதித் தகவல் வழியிலேயே போய்விடும்.

கல்லூரிக்கு என்ன பதில் எழுதலாம் என்று கேட்டால், நான் இப்படி எழுதுவேன். ஒரு கல்வியாண்டுக்குப் பகுதிநேரமாக வருகிறேன். இரண்டு நாள் ஓபி என் பொறுப்பில் வேண்டும். ஒரு நேரத்தில் என்னோடு ஆறு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் வேறு மருத்துவமனைக்கு அனுப்பவும் வழி இருக்க வேண்டும். சொந்தச் சிகிச்சையறை நடத்த அனுமதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆண்டு முடிந்ததும் முழுநேரம் பற்றிப் பேசலாம். இதில் பேரம் பேச இடம் இருக்கிறது. ஆறு மாணவர்கள் எட்டானாலும் சமாளிக்கலாம், இரண்டு நாள் ஒன்றரை நாளானாலும் பரவாயில்லை. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் வழி மட்டும் பேரத்துக்கு உட்பட்டதல்ல. அது இல்லாத இடத்தில் மாணவர்களை வைத்துக்கொண்டு நோயாளி பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.